இணையக் கடை திறந்தாச்சு, ஆள் வரலையா? விளம்பரத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

2020 அக்டோபர் 14. கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயா மூன்றிலும் நிபந்தனையுடன் கூடிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய நாள். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14. சரியாக ஒரு மாதம்தான் இருந்தது.

மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தடை. பூச்சோங்கில் இருப்பவர் சேலை வாங்க கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் போக முடியாது. பெட்டாலிங் ஜெயாவில் இருப்பவர் பலகாரம் வாங்க பிரிக்பீல்ட்ஸுக்கு வர முடியாது. தீபாவளி மாதத்தை நம்பிச் சரக்கு எடுத்து வைத்திருந்த வணிகர்கள் கைபேசியைத் திருப்பி வைத்து நேரலையில் விற்கக் கற்றுக்கொண்டார்கள். பலர் ஷாப்பி, லசாடா என்று கடை திறந்தார்கள். 2022-இல் டிக்டாக் ஷாப்பும் மலேசியாவுக்கு வந்தது.

இன்று கடை திறப்பது பெரிய வேலை இல்லை. திறந்த பிறகுதான் கேள்வியே வருகிறது: "போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, ஒருத்தரும் வரலையே, ஏன்?"

உடனே எல்லாரும் சொல்லும் பதில், "விளம்பரம் போடு". ஆனால் அதற்கு முன்னால் காசு செலவாகாமல் சரிசெய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் விளம்பரம் போட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான்.

உங்க கடையின் மூன்று எண்கள் என்ன?

ஷாப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் எதுவானாலும் விற்பனையாளர் பக்கத்தில் தரவுப் பகுதி ஒன்று இருக்கும். அதில் மூன்று எண்களை மட்டும் முதலில் பாருங்க.

• உங்க பொருள் எத்தனை முறை திரையில் தெரிந்தது
• அதில் எத்தனை பேர் கிளிக் செய்து உள்ளே வந்தார்கள்
• வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள்

பொருள் திரையிலேயே தெரியவில்லை என்றால், பிரச்சினை பெரும்பாலும் தலைப்பிலோ, நீங்க தேர்ந்தெடுத்த வகைப்பிரிவிலோ இருக்கும். தெரிகிறது, ஆனால் கிளிக் இல்லை என்றால் முதல் படத்தையும் விலையையும் சந்தேகப்படுங்க. உள்ளே வருகிறார்கள், ஆனால் வாங்காமல் போகிறார்கள் என்றால் விவரம், மதிப்பீடு, அஞ்சல் கட்டணம் மூன்றில் ஏதோ ஒன்று அவர்களைத் தடுக்கிறது.

"ஆள் வரலை" என்று நாம் பொதுவாகச் சொல்வது இப்படி மூன்று வெவ்வேறு பிரச்சினை. எது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

வாடிக்கையாளர் என்ன எழுத்தில் தேடுகிறார்?

நம் பொருட்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. நம்மில் பலர் வீட்டில் தமிழில் பேசினாலும் ஷாப்பியில் தேடும்போது ரூமி எழுத்தில்தான் தட்டுகிறோம். தமிழ்ச் சொல்லை ரூமியில் எழுத ஒரே விதி கிடையாது. முறுக்குக்கு ஒருவர் ஒரு 'கே' போடுவார், இன்னொருவர் இரண்டு. விபூதிக்கு ஒருவர் 'டிஎச்' போடுவார், ஒருவர் 'பிஎச்' போடுவார், ஒருவர் திருநீறு என்றே தேடுவார்.

இன்னும் வேடிக்கை, சில தமிழ்ச் சொற்களுக்கு மலாயில் வேறு பொருள் இருக்கிறது. கோலமாவு விற்கிறீங்க என்று வைத்துக்கொள்ளுங்க. ரூமியில் கோலம் என்று எழுதினால், மலாயில் அது குளம். நீச்சல் குளத்துக்கும் அதே சொல்தான். உங்க கோலமாவு, குழந்தைகளுக்கான காற்றடிக்கும் நீச்சல் தொட்டிக்கும் மீன் குளத்து மோட்டாருக்கும் நடுவில் போய் நிற்கும். அங்கே வருபவர் யாரும் கோலமாவு வாங்க வந்தவர் இல்லை. அதையே 'ரங்கோலி பவுடர்' என்று எழுதினால் சரியான ஆளிடம் போய்ச் சேரும்.

தாலிக்கும் இதே கதைதான். மலாயில் அதற்கு மிக நெருக்கமான சொல் கயிற்றைக் குறிக்கும். ஆங்கிலத்தில் தேடினால் சாப்பாட்டுத் தட்டு வரும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சாம்பிராணியை மலாய்க்காரர்கள் 'கெமெஞான்' என்றும், ஊதுபத்தியை 'சோலோக்' என்றும், அகல் விளக்கை 'பெலித்தா' என்றும் சொல்கிறார்கள். இந்தச் சொற்களைச் சேர்த்தால், தமிழர் அல்லாத வாடிக்கையாளர்களும் உங்க கடைக்கு வர வழி திறக்கும்.

என்ன செய்யலாம்?

• உங்க பொருளின் பெயரைத் தேடல் பெட்டியில் பாதி மட்டும் தட்டுங்க. கீழே வரும் பரிந்துரைகள், மக்கள் அதிகம் தேடும் சொற்களைக் காட்டிக் கொடுத்துவிடும்.
• கூகள் டிரெண்ட்ஸ் தளத்தில் மலேசியாவைத் தேர்ந்தெடுத்து, இரண்டு எழுத்து வடிவங்களையும் ஒப்பிட்டுப் பாருங்க. இது இலவசம்.
• தலைப்பில் அதிகம் தேடப்படும் இரண்டு வடிவம் போதும். மற்றவற்றை விவரப் பகுதியில் இயல்பான வாக்கியங்களாக எழுதுங்க.
• அளவு, எண்ணிக்கை, எடை மூன்றும் தலைப்பிலேயே இருக்கட்டும். "அழகான சேலை" என்று யாரும் தேடுவதில்லை. "காட்டன் சேலை, 6.3 மீட்டர், ரவிக்கைத் துணியுடன்" என்றால் தேடுபவருக்கு உடனே புரியும்.

பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத பிரபலச் சொற்களைத் தலைப்பில் திணிக்காதீங்க. சந்தைத் தளங்கள் அதை விதிமீறலாகப் பார்க்கின்றன. பொருளையே நீக்கிவிடலாம்.

வந்தவர் ஏன் வாங்காமல் போகிறார்?

லிட்டில் இந்தியாவில் கடைக்குள் வருபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார், வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்ப்பார், "சாயம் போகுமாண்ணே?" என்று கேட்பார். இணையத்தில் இந்த மூன்றையும் உங்க பக்கம்தான் செய்ய வேண்டும்.

முதல் படம் பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். அடுத்த படத்தில் துணியின் நெசவு தெரிய வேண்டும். பட்டு இல்லை என்றால் 'பட்டு மாதிரி' என்று வெளிப்படையாக எழுதுங்க. துவைக்கும் முறையைச் சொல்லுங்க. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐந்து கேள்விகளை எழுதி வைத்து, பதிலை விவரப் பகுதியில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது மதிப்பீடு. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாத கடையில் முன்பின் தெரியாதவர் காசு கட்டத் தயங்குவார். நேரில் வாங்கும் பழைய வாடிக்கையாளர்களிடம், "அடுத்த தடவை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணுங்க அக்கா, உண்மையா எப்படி இருக்குன்னு எழுதுங்க" என்று கேளுங்க. தளத்துக்குக் கமிஷன் போகும்தான். ஆனால் அந்த முதல் சில மதிப்பீடுகள் பின்னால் வரும் எல்லாருக்கும் பதில் சொல்லும்.

குறித்த நாளில் அனுப்புவதும் ஆள் வரவைப் பாதிக்கும். தாமதம், ரத்து இரண்டும் கூடினால் ஷாப்பி போன்ற தளங்கள் அபராதப் புள்ளி போடும். புள்ளி ஏற ஏற, சலுகைத் திட்டங்களில் சேர முடியாமல் போகும், தேடலிலும் பின்னால் தள்ளப்படுவீங்க.

எப்போது விளம்பரம் போடலாம்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முறுக்கு டின் ஒன்று 25 ரிங்கிட். மாவு, எண்ணெய், டின், கமிஷன் எல்லாம் போக உங்க கையில் 8 ரிங்கிட் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளிக்குக்கு விளம்பரக் கட்டணம் 20 சென். நூறு பேர் கிளிக் செய்தால் 20 ரிங்கிட்.

நூறு பேரில் இரண்டு பேர் வாங்கினால், ஒரு டின்னுக்கு விளம்பரச் செலவு 10 ரிங்கிட். விற்கும் ஒவ்வொரு டின்னுக்கும் 2 ரிங்கிட் நட்டம். ஐந்து பேர் வாங்கினால், ஒரு டின்னுக்குச் செலவு 4 ரிங்கிட். 4 ரிங்கிட் லாபம்.

விளம்பரம் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். மாறியது உங்க பக்கம். அதனால்தான் படம், விவரம், மதிப்பீடு இவற்றை முதலில் சரிசெய்யச் சொல்கிறோம். நூற்றுக்கு எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று தெரிந்த பிறகு, நன்றாகப் போகும் ஒரே ஒரு பொருளுக்கு, நாளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து விளம்பரத்தைத் தொடங்குங்க.

தீபாவளியும் 11.11-உம் ஒத்துப்போகுமா?

இரட்டைத் தேதி விற்பனை 9.9, 10.10, 11.11, 12.12 என்று வரும். இதில் 11.11-ஐ 2009-இல் சீனாவின் அலிபாபா தொடங்கியது. அந்தத் தேதி மாறாது, ஆனால் தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு நகரும்.

2023-இல் தீபாவளி நவம்பர் 12. 11.11 அன்று சலுகை போட்டுச் சேலை விற்றவரின் பொட்டலம் பண்டிகை முடிந்துதான் போய்ச் சேர்ந்திருக்கும். 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. இந்த இரண்டு ஆண்டிலும் கைகொடுக்கக் கூடியது 10.10. 2026-இல் தீபாவளி நவம்பர் 8. அப்போது 11.11 வருவது பண்டிகை முடிந்து மூன்று நாள் கழித்து. அந்த நாளுக்குத் தீபாவளிச் சரக்கை வைத்திருந்தால் அது மீந்த சரக்கு. 9.9-உம் 10.10-உம்தான் உங்க நாட்கள்.

பொருளுக்குப் பொருள் நாளும் மாறும். சேலை வாங்குபவர் ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டும். தையல்காரர்கள் கடைசி வாரங்களில் புது வேலை எடுக்கமாட்டார்கள். அதனால் சேலைக்கு ஒன்றரை மாதம் முன்பே பக்கம் தயாராக இருக்க வேண்டும். பலகாரத்துக்குக் கடைசி இரண்டு மூன்று வாரம். சபா, சரவாக்கிற்கு அனுப்புவதென்றால் இன்னும் முன்னதாகவே கடைசி நாளை அறிவிச்சிடுங்க.

வெளிநாட்டுச் சரக்கோடு எப்படிப் போட்டியிடுவது?

விலையில் மட்டும் மோதினால் கஷ்டம்தான். 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருட்களை இணையத்தில் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதன் பிறகும் பல பொருட்கள் மலிவாகவே வருகின்றன.

உங்க பலம் அருகில் இருப்பது. "ரெடி ஸ்டாக், கிள்ளானிலிருந்து அனுப்பப்படும்" என்ற வரி, அவசரத்தில் இருப்பவருக்குப் பெரிய விஷயம். எங்கிருந்து அனுப்பப்படுகிறது என்று வடிகட்டிப் பார்க்கும் வசதியும் தளத்தில் இருக்கிறது. நேரடிக் கடையும் இருந்தால், கல்லாப்பெட்டி அருகிலும் பையின் மேலும் கியூஆர் குறியீட்டை ஒட்டுங்க. இன்று கடைக்கு வந்தவர் நாளை ஜொகூருக்குக் குடிபோனாலும் உங்களிடமே வாங்கலாம்.

எதைச் செய்யவே கூடாது?

• சொந்தக்காரர்களை வைத்து வாங்குவது போல் போலி ஆர்டர் போடுவது. கண்டுபிடித்தால் கடையே முடங்கும்.
• தளத்தில் வந்த வாடிக்கையாளரை "வாட்ஸ்அப்புக்கு வாங்க, விலை குறைச்சுத் தரேன்" என்று வெளியே இழுப்பது. இதுவும் விதிமீறல்.
• விலையை எழுதாமல் "பிஎம்" என்று மட்டும் போடுவது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் இணைய வணிக விதிமுறைப்படி முழு விலையையும் வணிகர் விவரத்தையும் காட்ட வேண்டும்.
• சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவிடம் அறிவிக்காத முகப்பூச்சு, பதிவு இல்லாத பாரம்பரிய மருந்து விற்பது. ஆள் எவ்வளவு வந்தாலும் இது ஆபத்து.

வீட்டிலிருந்து விற்றாலும் அது வணிகம்தான். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்-இல் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60 ரிங்கிட்.

எங்கே உதவி கிடைக்கும்?

முன்பு இணைய மையம் என்று அறியப்பட்ட நாடி மையங்களில் இணைய வணிகப் பயிற்சி நடக்கிறது. சரக்கு வாங்க மூலதனம் தேவை என்றால், தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுதவித் திட்டமும், இந்தியப் பெண்களுக்காக 2024-இல் தொடங்கிய அமானா இக்தியாரின் 'பெண்' திட்டமும் இருக்கின்றன. கடன் எடுப்பதற்கு முன்னால் மேலே சொன்ன முறுக்குக் கணக்கை உங்க பொருளுக்கும் ஒருமுறை போட்டுப் பாருங்க.

இன்று இரவே ஒரு சோதனை செய்யலாம். உங்க அம்மாவிடமோ தம்பியிடமோ கைபேசியைக் கொடுத்து, கடையின் பெயரைச் சொல்லாமல், நீங்க விற்கும் பொருளைத் தேடச் சொல்லுங்க. அவர்கள் என்ன எழுத்தில் தட்டுகிறார்கள், எந்தப் படத்தில் விரல் நிற்கிறது, எங்கே "வேணாம்" என்று திரும்புகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. திருத்த வேண்டிய இடம் அதுதான்.