சைலன்சரும் வேடந்தாங்கல் கவுலும்

கல்லூரித் தோழன் ஒருத்தன் டெக்சஸில் இருக்கிறான். போன மாசம் மெயில் போட்டிருந்தான். "மச்சி, என் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு ஒரு சப்ரஸர் வாங்கணும். எதை எடுக்கலாம்னு படிச்சு சொல்லேன், நீதான் பழைய கதை எல்லாம் நோண்டுற ஆளாச்சே."

என்னைப் போய் கேட்கிறான் பாருங்க. என் வாழ்நாளில் நான் சுட்டது மெரினா பலூன் மட்டும்தான். அதிலும் பாதி குறி தப்பும். :-)

இருந்தாலும் கேட்டுட்டானே என்று உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எங்கெங்கோ சுற்றி கடைசியில் நம்ம வேடந்தாங்கல் ஏரிக்கரையில் வந்து நின்றேன். எப்படின்னு சொல்றேன்.

முதலில் சைலன்சர். இந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கெல்லாம் பைக்தான் ஞாபகம் வரும். அது ஒன்றும் தப்பில்லை, இரண்டும் ஒரே தத்துவம்தான். வேகமாக வெளியே வரும் சூடான வாயுவை அறை அறையாக அடைத்து, சுழலவிட்டு, வேகம் குறைத்து வெளியே அனுப்புவது. துப்பாக்கிக்கு இதைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஹைரம் பெர்சி மேக்சிம் என்ற அமெரிக்கர். 1909-இல் காப்புரிமை வாங்கினார். குளியல் தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்த்து யோசனை வந்ததாக அவரே சொல்வாராம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவருடைய அப்பாதான் 1884-இல் மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர். சொந்தத் துப்பாக்கியின் சத்தத்திலேயே அவருக்குக் காது போனது. அப்பா உலகத்தையே செவிடாக்கினார், பிள்ளை வாய்க்குப் பூட்டு செய்தார்!

நண்பனுக்கும் காதுதான் பிரச்சினை. வாரா வாரம் சுடும் களத்துக்குப் போய்ப்போய், ராத்திரியில் காதுக்குள் ரீங்காரமாம். அவனுக்கு எழுதிய பதிலின் சுருக்கம் இது.

சினிமாவில் வருகிற மாதிரி 'ப்சுக்' என்றெல்லாம் கேட்காதுடா. ரைஃபிள் வெடிச் சத்தம் 160 டெசிபலுக்கும் மேல். சப்ரஸர் அதில் சுமார் 20 முதல் 35 வரை குறைக்கும், அவ்வளவுதான். மிச்சமிருப்பதே பெரிய சத்தம். அதனால் காதடைப்பானைத் தூக்கிப் போட்டுவிடாதே. இன்னொன்று, குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் போகிற வழியெல்லாம் சாட்டை சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர், உன் ரைஃபிள் குண்டோ 900 மீட்டர் பக்கம். அந்தச் சத்தம் காற்றில் பிறப்பது. குழல் முனையில் எதை மாட்டினாலும் நிற்காது.

செமி ஆட்டோமேட்டிக்கில் தனியாக ஒரு தலைவலி உண்டு. அதில் பெரும்பாலான ரைஃபிள்களில் அடுத்த குண்டை உள்ளே ஏற்றுவதே வெடித்த வாயுதான். முன்னால் வாயுவை அடைத்துப் பிடித்தால் கொஞ்சம் பின்பக்கமாகத் திரும்பி வரும். சுடுகிறவன் மூஞ்சியில் புகை, உள் பாகங்களுக்கு அடி, சீக்கிரமே அழுக்கு. ஆகவே எது அதிகம் அமைதி என்று மட்டும் பார்க்காமல், எது வாயுவை முன்பக்கம் சுலபமாக விடுகிறது என்றும் பார்த்து வாங்கு.

அங்கே 1934 சட்டப்படி சைலன்சர் வாங்க 200 டாலர் வரி. தொண்ணூறு வருஷமாக அதே 200. 2026 ஜனவரியிலிருந்து வரி பூஜ்யம், ஆனால் பதிவு மட்டும் உண்டு. இங்கே நம்ம ஊரில்? 1962 ஆயுத விதிகளின் பட்டியலிலேயே செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளும், வெடிச் சத்தத்தைக் குறைக்கும் உபகரணமும் முதல் வகையில், தடை செய்யப்பட்ட ஆயுதங்களோடு உட்கார்ந்திருந்தன. சாமானியனுக்கு வாய்ப்பே இல்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இதை யோசித்தபோதுதான் வேடந்தாங்கல் வந்தது.

ஊர்ப் பெயரிலேயே வேடன் இருக்கிறான். வேடர் தங்கிய இடம் என்பார்கள். 'தாங்கல்' என்றால் தொண்டை மண்டலத்தில் சின்ன ஏரி என்றும் பொருள், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. எப்படியோ, ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் வேட்டையாடிய இடம். அப்புறம் கும்பினி வந்தது. ஆற்காட்டு நவாப் 1763-இல் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகக் கொடுத்தார். வெள்ளைக்கார சோல்ஜர்கள் ஏரிக்கரையில் நின்று நாரைகளைச் சுட ஆரம்பித்தார்கள்.

அந்தக் காலத் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல் வைத்தது. கரிமருந்து கெட்டித்து, ரவை போட்டு, கழியால் இடித்து, அப்புறம் சுடணும். நிமிஷத்துக்கு மூன்று தடவை சுட்டால் கெட்டிக்காரன். ஆனால் சத்தமும் புகையும் ஊருக்கே தெரியும். ஒரு வெடிக்கு மரத்தில் இருக்கிற அத்தனை பறவையும் எழும்பும். கூட்டில் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும்.

ஊர்க்காரர்களுக்கு இது வெறும் இரக்கம் மட்டும் இல்லை. நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன் எல்லாம் போடும் எச்சம் தண்ணீரில் கரைந்து, மதகு வழியே வயலுக்குப் போகிறது. காசில்லாத உரம். பறவை போனால் நெல்லில் தெரியும். ஆகவே திரண்டு போய் கலெக்டரிடம் முறையிட்டார்கள்.

அப்போது கலெக்டர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கதையில் வருகிற அதே துரை. 1794 முதல் 1798 வரை ஜாகீரில் இருந்தவர். 1798-இல் ஊராருக்கு ஒரு கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். இங்கே பறவையைச் சுடக்கூடாது. 1858-இல் அதைப் புதுப்பித்து வாங்கினார்கள். ஆட்சி கும்பினியிடமிருந்து ராணி கைக்கு மாறிய வருஷம் அது. ஆள் மாறியதும் பழைய பேப்பர் செல்லுமா என்று பயந்திருப்பார்கள் என்பது என் ஊகம். பட்டா விஷயத்தில் நாமும் அப்படித்தானே?

1936-இல் அரசாங்கம் முறைப்படி சரணாலயமாக அங்கீகரித்தது. சைலன்சர் மேக்சிம் செத்ததும் அதே 1936-இல்தான். சும்மா ஒரு தற்செயல், ஆனால் எனக்கு சுவாரசியமாக இருந்தது. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இத்தனைக்கும் ஏரி வெறும் 74 ஏக்கர்தான்.

இப்போது என் கேள்வி. அந்த சோல்ஜர்கள் கையில் நண்பன் கேட்கிற சாமான் இருந்திருந்தால்? அது என்ன, முழு அமைதியா தந்துவிடப் போகிறது? இல்லை. பக்கத்துக் கிளையில் இருக்கும் பறவை பறக்கத்தான் செய்யும். ஆனால் தூரத்து வயலில் குனிந்து நாற்று நடுகிறவனுக்கு என்ன சத்தம், எந்தத் திசை என்று தெரியாமல் போயிருக்கலாம். சோல்ஜர் சுட்டதை ஊருக்குக் காட்டிக் கொடுத்தது அந்த வெடிச் சத்தம். காசிரங்காவில் காண்டாமிருகத்தைக் கொல்ல வருகிற கும்பல்கள் ரைஃபிளுக்கு சைலன்சர் மாட்டிக்கொண்டு வந்ததும் இதற்காகத்தான். காவலருக்குத் திசை தெரியக்கூடாது. களத்தில் என் நண்பனின் காதைக் காப்பாற்றுகிற அதே குழாய், காட்டில் காவலரின் காதைக் கட்டுகிறது. அவன் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நம்ம ஊர் விதி கெடுபிடியாக இருப்பதிலும் இல்லை.

வேடந்தாங்கல்காரர்கள் தங்கள் சத்தத்தையும் விட்டுவைக்கவில்லை. தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியிலும் அப்படியே. (அந்தப் பெயரிலும் வேட்டை இருக்கிறது, கவனித்தீர்களா?) பத்து வயசுப் பையனிடம் தீபாவளிக்கு வெடி கிடையாது என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கே ஒரு தடவை அங்கே பாடம் நடந்தது. என் புல்லட்டுக்கு மெக்கானிக் பேச்சைக் கேட்டு கம்பெனி சைலன்சரைக் கழற்றி, 'டப டப' என்று அதிர்கிற ஒன்றை மாட்டியிருந்தேன். ஜனவரி மாசம், காலை ஏழு மணி. ஏரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு பெரியவர் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினார். திட்டவில்லை.

"தம்பி, வண்டிய இங்கயே போட்டுட்டு நடந்து போப்பா. குஞ்சு பொரிச்சிருக்குது."

"இதோ ஆஃப் பண்ணிட்டேன் பெரியவரே."

"திரும்பறப்பவும் தள்ளிக்கிட்டே வந்து இங்க ஸ்டார்ட் பண்ணு."

புல்லட்டைத் தள்ளியவர்களுக்குத் தெரியும் அதன் எடை. எதற்கு வம்பு என்று அங்கேயே விட்டுவிட்டு நடந்து போனேன்.

நண்பனுக்கு இதையும் சேர்த்து எழுதினேன். நேற்று பதில் வந்தது. சப்ரஸர் முடிவு பண்ணிட்டானாம், கனம் குறைவான டைட்டானியத்தில். டிசம்பரில் ஊருக்கு வருகிறானாம், வேடந்தாங்கல் கூட்டிப் போ என்கிறான். அதற்குள் பரணில் கிடக்கிற பழைய சைலன்சரை இறக்கித் துரு எடுக்கணும்.