தலைகீழாகப் படித்த அட்டவணை

வைகை அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாரும் நேரடியாக அளப்பதில்லை. அளப்பது உயரத்தைத்தான். அளவுகோலில் எத்தனை அடி என்று பார்த்து, அதற்கு நேரே அட்டவணையில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தால் மில்லியன் கன அடிக் கணக்கு வந்துவிடும். நாளிதழில் வரும் ‘நீர்மட்டம்’, ‘இருப்பு’ இரண்டும் ஒரே அளவீட்டின் பிள்ளைகள். 71 அடி முழுதாக நிறைந்தால் சுமார் 6,091 மில்லியன் கன அடி.

இப்படி ஓர் அட்டவணை எப்படித் தயாராகிறது? நீர் தேங்கப்போகும் நிலத்தை அளந்து சம உயரக் கோடுகள் போடுவார்கள். ஒவ்வோர் அடி மட்டத்திலும் நீர் எத்தனை பரப்பில் விரியும் என்று பார்ப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு பரப்புகளின் சராசரியை ஓரடியால் பெருக்கி, கீழிருந்து மேலே கூட்டிக்கொண்டே போவார்கள். பள்ளத்தாக்கு அடியில் குறுகல், மேலே அகலம். அதனால் அடிமட்டத்து ஓரடியில் கொஞ்சம்தான் கொள்ளும். மேல்மட்டத்து ஓரடியில் அதைப்போலப் பல மடங்கு. படுக்கை அச்சில் அடியையும் நிற்கும் அச்சில் கொள்ளளவையும் வைத்து வரைந்தால், கோடு முதலில் தரையோடு தவழ்ந்து, போகப்போகச் செங்குத்தாக ஏறும். வண்டல் படியப் படிய இந்தக் கோடு தாழும். மறுபடி அளந்து அட்டவணையைத் திருத்த வேண்டும்.

மதுரையில் சித்திரைத் திருவிழா வருகிறது என்று வையுங்கள். அழகர் ஆற்றில் இறங்கத் தண்ணீர் திறக்க வேண்டும். 216 மில்லியன் கன அடி என்று செய்தியில் படித்திருப்பீர்கள். இப்போது கேள்வி திரும்பிவிட்டது: இவ்வளவு போனால் மட்டம் எத்தனை அடிக்கு வந்து நிற்கும்? அதே அட்டவணைதான், ஆனால் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் படிக்க வேண்டும். அணை தளும்பி நிற்கும்போது இது ஓரடிக்கும் குறைவு. வற்றிக் கிடக்கும்போது பல அடி இறங்கிவிடும். வரைபடத்தில் அச்சுகளை இடம் மாற்றிப் போட்டால், முன்பு தவழ்ந்து ஏறிய கோடு இப்போது சட்டென்று எழும்பி, பிறகு சாய்ந்து படுக்கும். பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் நேர்மாறு சார்பு என்பதும், ஒய் = எக்ஸ் கோட்டில் பிரதிபலிப்பு என்பதும் இதைத்தான்.

நேர்மாறு சார்பு பிறந்த கதையில் எனக்குப் பிடித்த விஷயம், பிறந்த வரிசை. முதலில் தலைகீழாகப் படிக்க வேண்டிய தேவை வந்தது. படம் ரொம்ப நாள் கழித்து வந்தது. நேர்மாறைக் குறிக்கச் சார்பின் தலையில் உட்காரும் அந்த −1 கடைசியாக வந்தது.

தேவை நம் பக்கத்தில் மிகப் பழையது. கி.பி. 499-இல் ஆரியபடர் கால் வட்டத்துக்கு 24 சைன் வேறுபாடுகளைக் கொடுத்தார், 3¾ பாகைக்கு ஒன்றாக. அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால், தெரிந்த கோணத்துக்குச் சைன் கிடைக்கும். ஆனால் பஞ்சாங்கக் கணக்கருக்கு அது பாதி வேலைதான். பகற்பொழுதின் நீளத்தைக் கணக்கிடும்போது கையில் முதலில் வருவது சைன் மதிப்பு; அதிலிருந்து வில்லுக்கு, அதாவது கோணத்துக்குத் திரும்பி வந்தால்தான் அதை நாழிகையாக்கி அகசு (பகல் நீளம்) போட முடியும். அட்டவணையைத் திருப்பிப் படித்து, இடையில் விழும் மதிப்பை விகிதம் போட்டு நிரப்பும் விதி சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலிலேயே இருக்கிறது.

மேற்கு மலைக்கு அந்தப் பக்கம், சுமார் 1400 வாக்கில், சங்கமக்கிராமத்து மாதவர் இன்னும் துணிந்தார். டேன் மதிப்பிலிருந்து கோணத்துக்கு வர அட்டவணையே வேண்டாம், முடிவில்லாத் தொடர் ஒன்றே போதும் என்று காட்டினார். ஐரோப்பாவில் ஜேம்ஸ் கிரிகோரிக்கு அதே தொடர் கிடைத்தது 1671-இல். மாதவர் கையில் நேர்மாறு சார்பு முழுசாக இருந்தது. அச்சும் இல்லை, வரைபடமும் இல்லை.

ஐரோப்பாவில் திருப்பிப் படிக்கும் தொல்லை மடக்கையோடு இன்னும் பெரிதாயிற்று. நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணை போட்டார். பெருக்கலைக் கூட்டலாக்கிவிட்டார், சரி. கூட்டி முடித்ததும் விடை எண்ணுக்குத் திரும்ப வேண்டுமே? 1620-இல் பிராகில் கடிகாரம் செய்துகொண்டிருந்த யோஸ்ட் பூர்கி வெளியிட்ட அட்டவணை இதற்கு எதிர்த்திசையில் அமைந்தது. நடைமுறையில் அது எதிர்மடக்கை அட்டவணைதான். 1742-இல் லண்டனில் ஜேம்ஸ் டாட்சன் எதிர்மடக்கைக்கென்றே ஒரு பெரும் நூல் போட்டார். கால்குலேட்டர் வருமுன் செய்முறைத் தேர்வில் லாக் டேபிளைப் புரட்டியவர்களுக்கு நினைவிருக்கும்: முன்பாதி லாக், பின்பாதி ஆன்டிலாக். ஒரே உறவை எந்தப் பக்கமிருந்து படிப்பது என்பதற்காக இரண்டு தடவை அச்சடித்திருக்கிறார்கள்.

படம் வர டெகார்த்தின் 1637 நூல் வழி திறந்தது. அதிலும் இன்று நாம் போடும் இரண்டு அச்சுகள் முழுசாக இல்லை. ஆய்லர் 1748-இல் மடக்கையை அடுக்குக்குறியின் மறுபக்கமாகவே வைத்து எழுதிய பிறகுதான் இரண்டும் ஒரே கோட்டின் இரு முகம் என்பது பாடப்புத்தக விஷயமாயிற்று. கட்டம் போட்ட தாள் கடைக்கு வந்தது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அது பள்ளிக்கூடத்துக்குள் நுழைய இன்னும் நூறு வருடம் ஆயிற்று.

−1 கதை சுவையானது. யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன் ஜான், 1813-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்த கட்டுரையில் சைனின் தலையில் −1 போட்டார். எழுதும்போது வயது இருபதுதான். அவர் யோசனை நேரானது: ஒரு சார்பை இரண்டு முறை செய்தால் மேலே 2, செய்ததைத் திரும்ப அவிழ்த்தால் −1. தான்தான் முதல் என்று நினைத்திருந்தார். பூர்மன் என்ற ஜெர்மானியர் முன்பே இதைச் சொல்லியிருக்கிறார் என்று 1820-இல் அவரே எழுதினார். குறி நல்ல குறிதான், வந்து சேர்ந்த இடம் சரியில்லை. சைன் மேல் 2 போட்டால் ‘மதிப்பின் வர்க்கம்’ என்று உலகம் ஏற்கெனவே வழக்கப்படுத்தியிருந்தது. ஹெர்ஷலின் கணக்கில் அது சைனுக்குச் சைன். உலகம் 2-ஐப் பழைய பொருளிலும் −1-ஐ ஹெர்ஷல் பொருளிலும் வைத்துக்கொண்டது. ஒன்றின் கீழ் சைன் என்று பிள்ளைகள் எழுதிவைத்து மதிப்பெண் இழப்பது இந்த இருநூறு வருடக் குளறுபடியால். அவர்கள் மக்கு என்பதால் அல்ல.

எல்லாக் கோட்டையும் திருப்ப முடியாது என்பதையும் வைகையே காட்டும். நாள்தோறும் நீர்மட்டத்தை வைத்து ஒரு வருடத்துக்கு வரையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏறும், கோடையில் இறங்கும். ‘60 அடி எந்த நாளில் இருந்தது?’ என்று கேட்டால் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று பதில் பலவாகும். மட்டம்–கொள்ளளவுக் கோட்டில் அந்தச் சிக்கல் இல்லை, அது ஒன்றுக்கொன்று. சைன் முதல் வகை. அதனால்தான் பன்னிரண்டாம் வகுப்பு நான்காம் அத்தியாயத்தில் அதை −90 பாகைக்கும் 90 பாகைக்கும் நடுவே வெட்டி எடுத்துக்கொண்டு திருப்புகிறார்கள்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் பெரும்பாலும் குறியை முதலில் எழுதி, சூத்திரத்தில் எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றி, நேரம் இருந்தால் படம் போடுகிறோம். அதைப் பிறந்த வரிசையிலேயே கொடுத்துப் பாருங்கள். முதலில் ஓர் அட்டவணையைத் தந்து வலமிருந்து இடம் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மெல்லிய தாளில் கோட்டை மையால் வரைந்து, 45 பாகைக் கோட்டில் மடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மறுபக்கத்தில் தெரிவதை வரையச் சொல்லுங்கள். இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுத்திட்டம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு கோடுகளையும் ஒரே அச்சில் வைத்து ஒப்பிட முடியாது. −1-ஐக் கரும்பலகையில் எழுத அதற்குப் பிறகு நேரம் இருக்கிறது.