நொதியும் நொதித்தலும்: பிண்ணாக்கு ஆய்வுரைகளை முன்வைத்து ஒரு சொல் வரலாறு

எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பிண்ணாக்கிலிருந்து புரதம் முதலிய பயன்மிகு பொருள்களை என்சைம்களால் பிரித்தெடுப்பது பற்றிய ஆய்வுரைகளைத் தமிழாக்குவோர் நொதி, நொதித்தல் என்னும் இரு சொற்களைக் கையாள நேர்கிறது. ஓரடியிற் பிறந்த இவை குறிக்கும் செயல்கள் வேறு. இவ்வேறுபாட்டின் வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

1833இல் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் பொருளொன்றைப் பெற்று 'டயஸ்டேஸ்' எனப் பெயரிட்டனர். பிரித்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் இதன் அடியாகும். சர்க்கரை சாராயமாவதோ உயிருள்ள ஈஸ்டின் செயல் என்பது லூயி பாஸ்டரின் கொள்கை. இவ்வாறு 'ஃபெர்மென்ட்' என்ற ஒரே சொல் உயிருள்ளதையும் உயிரற்றதையும் குறித்து மயக்கம் தந்தது. இதனை நீக்கவே 1870களில் ஹைடெல்பர்க் உடலியலறிஞர் கூனே, உயிரற்றதற்கு 'என்சைம்' என்னும் சொல்லை ஆக்கினார். ஆயினும் அச்சொல்லின் கிரேக்கப் பொருள் 'ஈஸ்டினுள்' என்பதே. 1897இல் எடுவர்ட் பூக்னர், ஈஸ்டை அரைத்துப் பிழிந்த, உயிரணு நீங்கிய சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் காட்டினார். 1907இல் நோபல் பரிசு பெற்றார்.

தமிழகத்து 'நொதி'யும் இலங்கையின் 'நொதியம்' என்பதும் நொதித்தலின் அடியிற் பிறந்தவை. சொல்லாக்க நிலையில் இவை மூலத்தை ஒத்தவையே. ஆனால், கூனே நீக்க முயன்ற மயக்கம் தமிழில் வினைவடிவில் திரும்பி வருகிறது. 'பிண்ணாக்கை நொதிக்கவைத்து' என்னும் தொடர் இதற்குச் சான்றாகும்.

மேற்கு ஜாவாவில் நிலக்கடலைப் பிண்ணாக்கின்மீது நியூரோஸ்போரா என்னும் பூஞ்சையை வளர்த்து 'ஒன்ச்சொம்' என்னும் உணவு ஆக்குவர். இது நொதித்தல். இங்கு உயிரி வளர்கிறது. பிண்ணாக்கின் ஒரு பகுதியைத் தானே உண்கிறது. இதற்கு மாறாக, நீரில் கரைத்த பிண்ணாக்கில் செல்லுலேஸைச் சேர்த்து உயிரணுச் சுவரைச் சிதைப்பதும், புரோட்டியேஸைச் சேர்த்துப் புரதத்தைச் சிறுகூறுகளாக்குவதும் நொதியின் செயல்கள். இங்கு எவ்வுயிரியும் வளர்வதில்லை; வேண்டிய அளவில் சூடேற்றிச் செயலை நிறுத்தலாம். சில ஆய்வுரைகளில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வரும். முதலிற் பிண்ணாக்கில் பூஞ்சையை வளர்த்து நொதி பெறுவர். பின்னர் அந்நொதியை வேறொரு பிண்ணாக்கின்மீது செலுத்துவர். இரண்டையும் 'நொதிக்கவைத்தல்' என மொழிபெயர்த்தால் செய்முறையே புலப்படாது.

ஆகவே உயிரியின் செயலை 'நொதித்தல்' என்றும், தனி நொதியின் செயலை 'நொதியாற் பகுத்தல்' என்றும் வரையறுப்பது தகும். பிண்ணாக்கைக் 'கழிவு' எனலும் பொருந்தாது. நிலக்கடலைப் பிண்ணாக்கில் 40 விழுக்காட்டிற்கு மேல் புரதம் உண்டு. மாட்டுத் தீவனமாகவும் எருவாகவும் அதனைப் போற்றிய மொழி அதற்குத் தனிப்பெயர் தந்துள்ளது. பொதுச்சொல் வேண்டுமிடத்தில் 'எச்சம்' என்பதே போதும்.