கணினியின் திறந்த வாய்: வரைகலை அட்டை மாற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கருவியைத் திறந்து பார்ப்போர், பழுதுபார்ப்போர், பழையதிற் புதியதைப் பொருத்துவோர் ஆகியோர் அதில் இடம்பெறுவது அரிது. ஆண்டுகள் பல கடந்த மேசைக் கணினியொன்றின் பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் வரைகலை அட்டையைக் கழற்றி, வலுக்கூடிய வேறொன்றைச் செருகுதல் இன்று சாதாரண செயலாகத் தோன்றுகிறது. கிராபிக்ஸ் கார்ட் எனப் பேச்சுவழக்கில் வழங்கும் இவ்வட்டையே திரையில் தெரியும் உருக்களைக் கணித்து அனுப்புவது. அதனை மாற்றும் வாய்ப்பு எவ்வாறு தோன்றியது, யாருடைய நலன்கள் அதற்கு வழிவிட்டன, எவை அதனை அடைக்க முயன்றன என்பவற்றை நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

ஸ்லொட் எனப்படும் செருகுவாயே இவ்வரலாற்றின் மையம். தாய்ப்பலகையிலுள்ள இந்நீண்ட பிளவினூடாகவே பிறர் செய்த அட்டையொன்று கணினியின் ஏனைய உறுப்புகளுடன் தொடர்புகொள்கிறது. 1975 இல் வெளிவந்த அல்ரெயர் 8800, 1977 இல் வெளிவந்த அப்பிள் 2 ஆகியவற்றிலேயே இவ்வமைப்பைக் காணலாம். பின்னையதில் எட்டுச் செருகுவாய்கள் இருந்தன. எனினும், 1981 ஆகஸ்ட் 12 ஆந் திகதி ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியே இதனைப் பெருவழக்காக்கியது. புளோரிடா மாநிலத்தின் போகா ரேற்றன் நகரில், டொன் எஸ்ற்ரிட்ஜ் தலைமையிலான குழு ஏறத்தாழ ஓராண்டுக்குள் அதனை உருவாக்கியது. காலநெருக்கடி காரணமாக அக்குழு இன்ரெல்லின் 8088 செயலியையும் மைக்ரோசொப்ட்டின் இயக்க மென்பொருளையும் வெளியிலிருந்தே பெற்றது. ஐந்து செருகுவாய்களை அமைத்ததோடு, மின்சுற்று வரைபடங்களையும் நுட்பக் கையேடாக அச்சிட்டு விற்றது. பிறர் அட்டைகளைச் செய்தால் தன் கணினி கூடுதலாக விற்கும் என்பதே அதன் கணக்கு. திறந்தநிலை என்பது கொடையன்று, வணிகத் தேவையின் விளைவே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அக்கணினிக்கு ஐ.பி.எம். இரண்டு காட்சி அட்டைகளை வழங்கியது. ஒன்று எழுத்துக்களை மாத்திரம் தெளிவாகக் காட்டியது. படம் வரையும் ஆற்றல் அதற்கில்லை. 256 குறியீடுகளின் வடிவங்கள் அதன் மாறா நினைவகத்திற் பதிக்கப்பட்டிருந்தன. தமிழெழுத்தோ சிங்கள எழுத்தோ தாய்லாந்து எழுத்தோ அவற்றுள் இடம்பெறவில்லை. மற்றையது வண்ணப்படம் வரைந்தது. ஆனால் நான்கு வண்ணங்களுடன் 320க்கு 200 புள்ளிகளே அதன் எல்லை. சிக்கலான எழுத்துருவங்களுக்கு அது போதவில்லை.

இவ்விடைவெளியில் தோன்றியதே 1982 ஆம் ஆண்டின் ஹெர்குலிஸ் அட்டை. அதனை உருவாக்கியவர் தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுக்குல். தமது கலாநிதிப்பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்திலே எழுதவேண்டும் என்ற தேவையே அவரை இம்முயற்சிக்கு உந்தியதென அறிகிறோம். 720க்கு 348 புள்ளிகளை ஒரு வண்ணத்தில் வரையவல்ல அவ்வட்டை, எந்த எழுத்தையும் புள்ளிகளாகவே வரைய இடமளித்தது. லோட்டஸ் 1-2-3 எனும் கணக்கு மென்பொருள் அதனை ஏற்றுக்கொண்டதும் அது அலுவலகங்களிலும் பரவியது. தயாரித்த நிறுவனம் எண்ணிப் பார்த்திராத ஒரு தேவையை, அந்நிறுவனத்தின் அனுமதியைக் கோராமலே, பயன்படுத்துநர் ஒருவர் நிறைவுசெய்துகொண்டார். செருகுவாய் இருந்தமையாலும் அதன் விபரங்கள் அச்சில் வந்திருந்தமையாலுமே இது கைகூடிற்று.

இதற்கு நேர்மாறான போக்கும் சமகாலத்திலேயே நிலவியது. 1984 இல் அப்பிள் வெளியிட்ட மக்கின்ரோஷ் கணினியிற் செருகுவாய்களே இல்லை. அதன் பெட்டியைத் திறப்பதற்கும் தனிவகைத் திருகாணிச் சாவி வேண்டியிருந்தது. ஐ.பி.எம். நிறுவனமும் தான் திறந்த வாயை மூட முற்பட்டது. கொம்பாக் போன்ற கம்பனிகள் ஒத்தியங்கும் கணினிகளைச் செய்து அதன் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டமையே காரணம். 1987 இல் பி.எஸ்./2 வரிசையுடன் அது அறிமுகப்படுத்திய மைக்ரோ சனல் எனும் புதிய செருகுவாய் உரிமங்களால் வேலியிடப்பட்டிருந்தது. பழைய அட்டைகள் அதிற் பொருந்தவில்லை. அதனைப் பயன்படுத்த விரும்பியோர் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. மறு ஆண்டிலே கொம்பாக் உள்ளிட்ட ஒன்பது கம்பனிகள் ஒன்றிணைந்து, பழைய அட்டைகளையும் ஏற்கும் மாற்று நியமமொன்றை வகுத்தன. மைக்ரோ சனல் சந்தையிலே தோற்றது. அதே பி.எஸ்./2 உடன் வந்த வி.ஜி.ஏ. காட்சிமுறையோ பிறராற் படியெடுக்கப்பட்டு உலகெங்கும் நிலைத்தது. மூடப்பட்டது மறைய, பரவ விடப்பட்டது வாழ்ந்தது எனலாம். ஆயினும் ஒன்பது கம்பனிகளையும் பொதுநல வேட்கை இயக்கியதாக நாம் கருதவேண்டியதில்லை. முதலாளித்துவப் போட்டியின் முரண்பாடே பயன்படுத்துநருக்கு இடைவெளியொன்றைத் தந்தது.

இன்ரெல் 1992 இல் வகுத்த பி.சி.ஐ., 1997 இற் சந்தைக்கு வந்த ஏ.ஜி.பி., 2003 இல் வகுக்கப்பட்ட பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என நியமங்கள் ஒன்றையொன்று தொடர்ந்தன. 1996 இல் 3டி.எப்.எக்ஸ். நிறுவனத்தின் வூடூ சில்லைக் கொண்ட அட்டைகள் வந்தன. இவை ஏற்கெனவேயுள்ள காட்சி அட்டையை அகற்றாது, அதன் அருகே இருந்து முப்பரிமாணக் கணிப்பை மாத்திரம் ஏற்றன. பழைய கணினி, முழுதாகக் கைவிடப்படாமலே புதிய ஆற்றல் பெற்றது. பின்னர் அந்நிறுவனம் பிற அட்டைத் தயாரிப்பாளருக்குச் சில்லு வழங்குவதை நிறுத்தித் தானே அட்டைகளை விற்க முனைந்து நலிவுற்றது. 2000 ஆம் ஆண்டின் இறுதியில் அதன் உடைமைகளை என்விடியா வாங்க உடன்பட்டது. எஸ்3, மற்றொக்ஸ், ரைடன்ற், செங் லாப்ஸ் எனப் பலர் போட்டியிட்ட களம் சுருங்கியது. 2006 இல் ஏ.ரி.ஐ. நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கியபின், தனி வரைகலை அட்டைச் சந்தை நெடுங்காலம் இருவர் கையிலேயே தங்கியது. 2022 இலேயே இன்ரெல் மூன்றாமவராக அதில் நுழைந்தது. வாய் திறந்திருந்தது, அதிற் செருகுவதற்குரியதைச் செய்வோரோ சிலராயினர்.

இப்பின்னணியில் இன்றைய நடைமுறையை நோக்குவோம். 2012 ஆம் ஆண்டளவில் வாங்கப்பட்ட, 300 வாற்று மின்வழங்கி கொண்ட மேசைக் கணினியொன்றை எடுத்துக்கொள்வோம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் நியமம் பின்னோக்கிய ஒத்திசைவு உடையதாதலின், புதிய அட்டையும் பழைய வாயில் வேகங்குறைந்தேனும் இயங்கும். அவ்வாய் 75 வாற்று வரை மின் வழங்கவல்லது. 2016 இல் வந்த ஜிபோர்ஸ் ஜி.ரி.எக்ஸ். 1050 ரிஐ இவ்வெல்லைக்குள் அமைந்தமையால், தனி மின்கம்பி இன்றியே அத்தகைய கணினிகளுக்கு மறுவாழ்வளிக்கக் கூடியதாயிருந்தது. மாறாக, 2022 சனவரியில் வெளிவந்த ரேடியன் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. நான்கு தரவுத்தடங்களை மாத்திரம் கொண்டிருந்தது. நான்காந் தலைமுறைச் செருகுவாயில் நன்கு இயங்கிய அது, மூன்றாந் தலைமுறைக் கணினிகளிற் குறிப்பிடத்தக்க அளவு தளர்ந்தது. மலிவான அட்டையை நாடுவோர் பெரும்பாலும் பழைய கணினி உடையோரே. அவர்களுக்குரிய அட்டையே அவர்களது கணினியில் முழுப்பயன் தராமற் போனது தற்செயலான குறைபாடெனத் தள்ளிவிடத்தக்கதன்று.

இதனினும் நுண்ணிய தடை மென்பொருளில் உள்ளது. அட்டை பழுதுறாதிருப்பினும் அதனை இயக்கும் மென்பொருள் புதுப்பிக்கப்படாவிடின் அது படிப்படியாகப் பயனிழக்கிறது. 2012 இல் அறிமுகமான கெப்லர் வரிசை மேசைக்கணினி அட்டைகளுக்கான வழமையான மென்பொருட் புதுப்பித்தலை என்விடியா 2021 இல் நிறுத்திக்கொண்டது. 2022 இல் அது வெளியிட்ட திறந்த மூலக் கூறுகள் 2018 ஆம் ஆண்டின் ரியூரிங் வரிசைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்குமே உரியன. ஏ.எம்.டி. நிறுவனமோ 2007 முதலே தன் சில்லுகளின் நுட்ப விபரங்களை வெளியிடத் தொடங்கியமையால், லினக்ஸ் சமூகத்தினர் பழைய ரேடியன் அட்டைகளைத் தம் முயற்சியால் இயக்கிவரக் கூடியதாயிற்று. 1981 இன் அச்சிட்ட மின்சுற்று வரைபடமும் 2007 இன் நுட்ப விபரங்களும் ஒரே உண்மையையே உணர்த்துகின்றன: பொருளை உடைமையாகக் கொள்வது போதாது, அதனைப் பற்றிய அறிவும் பொதுவுடைமையாதல் வேண்டும்.

வரைகலை அட்டை மாற்றத்தை நாம் போற்றுவது கண்மூடித்தனமாக அன்று. பழைய கருவியின் ஆயுளை நீட்டிய அதே செருகுவாய், ஆண்டுதோறும் புதிய அட்டையை வாங்கத் தூண்டும் நுகர்வு வேட்கைக்கும் வாயிலாயிற்று. 2021 இல் வந்த விண்டோஸ் 11 பழைய செயலிகளைப் புறக்கணித்தது. 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதி விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு முடிவுற்றது. புதிய வரைகலை அட்டை இத்தடையை நீக்காது. எனவே, ஓர் உறுப்பின் மாற்றம் முழுக் கருவியின் விடுதலையாகிவிடாது என்பதும் தெளிவு.

எனினும், அவ்வாயும் முற்றாக அடைபட்டால் எஞ்சுவது யாது? 2023 இல் அப்பிள் வெளியிட்ட மக் புரோ கணினியில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாய்கள் உள்ளன. ஆனால் வரைகலை அட்டை எதனையும் அது ஏற்பதில்லை. வாய் இருக்கிறது, உண்ண உரிமை இல்லை. வான் சுவன்னுக்குல் 1982 இல் இத்தகையதொரு கணினியின் முன் அமர்ந்திருப்பின், அவரது ஆய்வேடு வேறெவரேனும் அவரது மொழியை நினைவுகூரும்வரை காத்திருந்திருக்கும். கருவியைத் தன் தேவைக்கேற்ப மாற்றும் உரிமை, சந்தை தம்மை எண்ணிப் பாராத சமூகங்களுக்கே முதலில் வேண்டப்படுவது. அவ்வுரிமை போட்டியின் இடைவெளியிலே தற்செயலாகக் கிடைத்தது. நிலைபெற வேண்டுமாயின் அது கோரிப் பெறப்படல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபாகும்.