கோதுமைக் கப்பலும் சோற்றுப் பசியும்: திருகோணமலையை முன்வைத்து ஓர் உளவியல் ஆய்வு

காலையில் சம்பலோடு அரை றாத்தல் பாண் தின்ற ஒருவரை மத்தியானம் திருகோணமலைக் கடைத்தெருவில் கண்டு கேட்டால், “இன்னும் சாப்பிடேல்ல” என்பார். சாப்பாடு என்றால் சோறு. கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாயிருந்த ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் அங்குள்ளோர் உணவில் சோறே பிரதானம் என்று எழுதினார். அதே கொட்டியாரக் குடாவை அடுத்த துறைமுகத்தில் இன்று கோதுமைக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. நாவும் சொல்லும் இப்படிப் பிரிந்துபோனது எவ்வாறு?

பசி இரைப்பையில் பிறக்கிறது என்றே உடலியலாளர்கள் முதலில் நம்பினர். 1912இல் வால்டர் கேனனின் மாணவர் வாஷ்பர்ன் ஒரு பலூனை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இரைப்பை சுருங்கிய வேளைகளில் பசி கிள்ளியது. ஆனால் இரைப்பையே அகற்றப்பட்டவருக்கும் பசி எடுத்ததாக 1931இல் பதிவானபோது அந்த விளக்கம் ஆட்டங்கண்டது.

கேள்வியை வயிற்றிலிருந்து அடுக்களைக்கு நகர்த்தியவர் கர்ட் லெவின். ஜெர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற இந்த உளவியலாளர், போர்க்கால இறைச்சித் தட்டுப்பாட்டின்போது அயோவாவில் இல்லத்தரசிகளை ஆராய்ந்தார். ஈரல், இதயம் முதலிய உள்ளுறுப்புகளைச் சமைக்கும்படி விரிவுரை கேட்ட பெண்களில் 3 சதவீதத்தினரே புதிதாக ஒன்றைச் சமைத்தனர். தமக்குள் கூடிப் பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதத்தினர் சமைத்தனர். 1943இல் அவர் வந்தடைந்த முடிவு, விரும்புவதை நாம் உண்பதைவிட, உண்பதையே விரும்பப் பழகுகிறோம் என்பது. உணவு மேசைக்கு வரும் வழிகளில் வாசல்கள் உண்டு. அவற்றைக் காப்பவள் இல்லத்தரசி.

அதே காலத்தில் இலங்கையில் இதே சோதனை, எந்த ஆய்வாளரும் திட்டமிடாமலே நடந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 9இல் திருகோணமலை மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அரிசிக்குக் கூப்பன் வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. இங்கே எவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. முதல் வாசல் அடுக்களையில் அல்ல, துறைமுகத்திலும் சங்கக்கடையிலும் இருந்தது. லெவினின் விளக்கத்தில் நான் காணும் குறை இதுதான்.

ஆனால் இரண்டாவது வாசலில் அவர் சொன்னது சரி. மாவை உள்ளே விட்ட நம் பெண்கள் அதன் வடிவத்தை விடவில்லை. பச்சைக் கோதுமை மாவில் தண்ணீர் பட்டால் பசையாக இழுபடும். அதைத் துணியில் கட்டி ஆவியில் அவித்து, கட்டி உடைத்து அரித்தெடுத்தால் உதிர்ந்து நிற்கும். அந்த அவித்த மாவில் புட்டும் இடியப்பமும் ஆயின. ‘அமெரிக்கன் மா’ என்று பெயர் சொல்லி வாங்கியதும் புட்டுக் குழலுக்குள்தான் போயிற்று.

அரிசியின் பிடி மட்டும் தளரவில்லை. கூப்பன் அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது 1953 ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். எழுபதுகளின் பஞ்சத்தில் விடியுமுன் பாண் வரிசைகள் நீண்டன. 1980இல் சீனக்குடாவில் பிரிமா மா ஆலை இயங்கத் தொடங்கியபின் கோதுமை, திருகோணமலை மாவட்டத்தின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

பாண் தின்றவர் ஏன் “சாப்பிடேல்ல” என்கிறார் என்பதற்குப் போல் ரோசினின் 1998ஆம் ஆண்டு ஆய்வு ஒரு தடயம் தருகிறது. நினைவாற்றலை இழந்த இருவர், மதிய உணவு முடித்துச் சில நிமிடங்களிலேயே மறுபடி பரிமாறப்பட்ட உணவையும் உண்டனர். உணவு முடிந்தது என்பதை வயிற்றோடு நினைவும் சேர்ந்தே அறிவிக்கிறது. எது ‘சாப்பாடு’ என்று மனம் குறித்து வைத்திருக்கிறதோ அது வரும்வரை கணக்கு முடிவதில்லை என்று இதை நீட்டிப் பார்ப்பது என் ஊகமே. சோதிக்கத் தக்க ஊகம்.

1942இல் பத்து வயதாயிருந்தவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் மாணவர்கள், மூதூரிலும் கிண்ணியாவிலும் நகரிலும் எஞ்சியிருக்கும் அவர்களிடம், முதன்முதல் கோதுமை மாப் புட்டைத் தின்ற நாளைப் பற்றி இந்த ஆண்டே கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.