பதுமை செய்தவன் பெற்ற பழி

சீன மொழியில் 'யோங்' என்பது இறந்தோருடன் புதைக்கப்பெறும் மனிதப் பதுமை. 'முதன்முதல் யோங் செய்தவன்' என்று சீனர் இன்று ஒருவரைச் சுட்டினால், தீய வழக்கமொன்றைத் தொடங்கி வைத்தவன் என்பதே பொருள்.

அவன் வழித்தோன்றல் இன்றிப் போகக் கன்பூசியஸ் சபித்ததாக மென்சியஸ் உரைக்கிறார். உரைத்தது லியாங் மன்னன் ஹுய் முன்னிலையில். அரசனின் லாயத்தில் குதிரைகள் கொழுத்திருந்தன. குடிகளோ பசியால் வாடினர். மனித உருவைப் புதைத்தவனுக்கே அப்பழி என்றால், மனிதரையே பட்டினியால் மாளவிடுபவனுக்கு யாது பழி என்பது அவர் வாதம்.

ஆயினும் நேயர்களே, பதுமை செய்தவன்பால் எனக்குச் சற்றே இரக்கம் உண்டு. அவனுக்கு நெடுங்காலம் முன்னரே, அன்யாங்கில் ஷாங் மன்னர்களின் கல்லறைகளில் உயிருள்ள மனிதர் பலியாயினர். கி.மு. 621-இல் இறந்த ச்சின் நாட்டுக் கோமகன் மூவுடன் 177 பேர் புதையுண்டனர் என்று சிமா ச்சியன் எழுதினார். கி.மு. 384-இல் அந்நாடு அவ்வழக்கத்தை விலக்கியது.

அதே மரபில் வந்த முதற் பேரரசனின் படையை 1974-இல் சியான் அருகே கிணறு தோண்டிய உழவர் கண்டனர். அவனுடன் அந்தப்புர மகளிரும் கைவினைஞரும் மாண்டனர் என்கிறார் சிமா ச்சியன். போர்வீரர் மட்டும் சுட்ட மண்ணாலானவர்.