ஐந்தில் மூன்று: அமெரிக்க விடுதலையும் அதன் கணக்கில் வந்த மனிதர்களும்



ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை வெளியிட்டபோது அதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நல்ல மனிதர்களுக்குக் காணிக்கையாக்கினார். நீக்ரோ அடிமைமுறையை ஒழிக்க அவர்கள் செய்த தியாகத்தை மெச்சினார். தம் நாட்டவரும் அந்த வழியில் சூத்திரர்களைப் பார்ப்பனத் தளையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் அதில் எழுதினார். நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படும் அந்தக் காணிக்கையில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. புலே நன்றி சொன்னது 1865க்கு. 1776க்கு அல்ல.

இரண்டுக்கும் இடையே 89 ஆண்டுகள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட ஓர் உள்நாட்டுப் போரும் அதில் அடக்கம். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அறிவித்துக்கொண்டு பிறந்த நாட்டுக்கு இவ்வளவு காலமும் இவ்வளவு ரத்தமும் ஏன் தேவைப்பட்டன? 'சொன்னார்கள், செய்யவில்லை' என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் நமக்குப் போதாது. அவர்கள் செய்யாமல் விட்டதைவிடச் செய்து வைத்ததுதான் பெரிது. புதிய அரசாங்கத்தைக் கட்டியபோதே அடிமைமுறைக்கு அதன் அஸ்திவாரத்தில் இடம் ஒதுக்கினார்கள். அந்த வேலை எப்படி நடந்தது, அது நடந்துகொண்டிருந்தபோது அடிமைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

போரின் கதையைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். பிரான்சோடு நடத்திய போரால் கடனாளியான பிரிட்டன், அந்தச் சுமையில் ஒரு பங்கை 13 குடியேற்றங்களின் தலையில் வைத்தது. 1765இல் முத்திரை வரி வந்தது. பிறகு தேயிலை வரி. எங்கள் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றம் எங்கள்மீது வரி போடக்கூடாது என்று குடியேறிகள் எதிர்த்தார்கள். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் விழுந்தன. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. 1776 ஜூலை 4 அன்று சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. 1777இல் சரடோகாவில் கிடைத்த வெற்றியைப் பார்த்துப் பிரான்ஸ் அவர்கள் பக்கம் சேர்ந்தது. 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. 1783இல் பாரிஸ் உடன்படிக்கை.

இந்தக் கதையில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். பிரிட்டன் தங்களை 'அடிமை' ஆக்குகிறது என்றே குடியேறிகள் பேசினார்கள், எழுதினார்கள். இப்போது எதிர்க்காவிட்டால் நாம் ஆளும் கறுப்பர்களைப் போலவே நாமும் ஆகிவிடுவோம் என்ற பொருளில் ஜார்ஜ் வாஷிங்டன் 1774இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். உவமை தேட அவர் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அடிமைகள் அவர் பண்ணையிலேயே இருந்தார்கள். அன்றைய குடியேற்றங்களின் மக்கள்தொகை சுமார் 25 லட்சம். அதில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அடிமைகள். ஐந்தில் ஒருவர்! சுதந்திரத்துக்காக உரக்கக் கத்துபவர்கள் அடிமைகளை ஓட்டுபவர்களாகவே இருக்கிறார்களே, அது எப்படி என்று லண்டனில் சாமுவேல் ஜான்சன் 1775இல் கேலி செய்தார். கேள்வி சரிதான். ஆனால் அவர் எழுதியது அரசரின் தரப்புக்காக. அந்த அரசரின் கொடிக்குக் கீழேதான் கரீபியக் கரும்புத் தோட்டங்கள் இயங்கின.

அடிமைகள் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாசச்சூசெட்ஸில் 1773இலேயே அவர்கள் விடுதலை கேட்டு மனு எழுதினார்கள். 1777 ஜனவரியில் பிரின்ஸ் ஹால் முதலிய கறுப்பர்கள் சட்டமன்றத்துக்கு இன்னொரு மனுவைக் கொடுத்தார்கள். பிரிட்டனுக்கு எதிராக அமெரிக்கா எந்தக் கொள்கையைச் சொல்கிறதோ, அதே கொள்கை எங்கள் பக்கம் ஆயிரம் வாதங்களைவிட வலுவாகப் பேசுகிறது என்பது அதன் வாதம். எஜமானர்களின் வாக்கியத்தை எடுத்து எஜமானர்களிடமே நீட்டினார்கள். மனு கிடப்பில் போடப்பட்டது.

தெற்கே வேறு மாதிரி நடந்தது. வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கலகக்காரர்களின் அடிமைகள், ஆயுதம் ஏந்தக் கூடியவர்கள், அரசரின் படையில் வந்து சேர்ந்தால் விடுதலை. இது கருணையல்ல, போர்த்தந்திரம். அரசருக்கு விசுவாசமான எஜமானர்களின் அடிமைகளுக்கு இது பொருந்தாது. டன்மோரே அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனால் கதவு எதற்காகத் திறந்தது என்று யோசித்துக்கொண்டு நிற்க அந்த மக்களுக்கு நேரமில்லை. நூற்றுக்கணக்கில் ஓடி வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பகுதியைப் பெரியம்மை கொன்றது. அப்போதும் வந்துகொண்டே இருந்தார்கள்.

உள்நாட்டுக் கலகத்தைத் தூண்டினார் என்று சுதந்திரப் பிரகடனம் அரசர்மீது ஒரு குற்றச்சாட்டு வைக்கிறதே, அந்தக் கலகம் முதலாவதாக இதுதான். சமத்துவத்தை அறிவிக்கும் அதே தாளில், அடிமைகள் விடுதலை தேடி ஓடியது குற்றப்பட்டியலில் வருகிறது. பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று சொல்வதும் அதே வரியில்தான். அடிமை வணிகத்துக்காக அரசரைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பகுதி, தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் ஆட்சேபித்ததால் நீக்கப்பட்டது என்று அவரே பிறகு குறித்து வைத்தார். வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர் எழுதிய கண்டனம் அது. அதைக்கூட அவையால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

கறுப்பர்கள் விடுதலைப் படையிலும் இருந்தார்கள், சுமார் 5,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு. எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை வைத்து அவர்களைத் தேசபக்தர் என்றும் துரோகி என்றும் பிரிப்பது நமக்குத் தேவையில்லாத வேலை. இரண்டு பக்கமும் அவர்கள் தேடியது ஒன்றைத்தான்.

வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்து 1776இல் தப்பியவர் ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவில் பிறந்தவர், எஜமானின் குடும்பப் பெயரைச் சுமந்தவர். போர் முடிந்தபோது, கறுப்பர்களை அழைத்துக்கொண்டு போகாமல் பிரிட்டிஷ் படை வெளியேற வேண்டும் என்று உடன்படிக்கையில் ஒரு விதி சேர்க்கப்பட்டிருந்தது. 1783 மே மாதம் வாஷிங்டன் பிரிட்டிஷ் தளபதி கார்ல்டனைச் சந்தித்தபோது இதை வலியுறுத்தினார். விடுதலை தருவதாகச் சொன்ன வாக்கை மீற முடியாது என்று கார்ல்டன் மறுத்தார். நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய 3,000 பேரின் பெயர், வயது, முன்னாள் எஜமானர் ஆகியவை ஒரு பேரேட்டில் பதிவாயின. ஹாரியின் பெயரும் அதில் இருக்கிறது. நோவா ஸ்கோஷியா போய், அங்கிருந்து சியரா லியோன் போய், அங்கே ஆண்ட கம்பெனியின் வரிக்கு எதிராக 1800இல் எழுந்த கலகத்திலும் அவர் இருந்தார். வரிக்கு எதிராகக் கலகம் செய்த வாஷிங்டன்கள் இருவர். ஒருவர் குடியரசுத் தலைவரானார். இன்னொருவர் நாடுகடத்தப்பட்டார்.

அந்த நாட்டிலேயே தங்கி வென்ற ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசச்சூசெட்ஸில் ஷெபீல்டு என்ற ஊர். அங்கே ஜான் ஆஷ்லி என்ற செல்வந்தர் வீட்டில் பெட் என்ற அடிமைப் பெண் வேலை செய்தார். மனிதர்கள் இயல்பில் சமமானவர்கள் என்று சொல்லும் ஷெபீல்டு தீர்மானங்கள் 1773இல் அந்த வீட்டில்தான் வரையப்பட்டன. ஒருநாள் அந்த வீட்டு எஜமானி, அடுப்பில் பழுக்கக் காய்ந்த நெருப்பு வாரும் கரண்டியை ஒரு சிறுபெண்மேல் ஓங்கினாள். பெட்டின் தங்கை என்றும் மகள் என்றும் சொல்வார்கள். பெட் குறுக்கே கையை நீட்டினார். எலும்புவரை போன காயம். அந்தத் தழும்பை அவர் கடைசிவரை மூடி மறைக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்பவரிடம், எஜமானியைக் கேளுங்கள் என்பாராம்.

1780இல் மாசச்சூசெட்ஸ் தனக்கென ஓர் அரசமைப்பை இயற்றியது. மனிதர் யாவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அதன் முதல் பிரிவு சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாத பெட்டின் காதில் அது விழுந்தது. தியோடர் செட்ஜ்விக் என்ற வழக்கறிஞரிடம் போய், நானும் மனுஷிதானே, சட்டம் எனக்கு விடுதலை தராதா என்று கேட்டார். அந்தத் தீர்மானங்களை எழுதியதில் செட்ஜ்விக்குக்கும் பங்குண்டு. 1781 ஆகஸ்டில் ஜூரி பெட்டுக்கும் அவரோடு வழக்காடிய ப்ரோம் என்பவருக்கும் விடுதலை அளித்து, ஆஷ்லி 30 ஷில்லிங் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. கூலி தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி அழைத்தும் அவர் போகவில்லை. எலிசபெத் ப்ரீமேன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தக் குடும்பப் பெயருக்கே சுதந்திர மனிதர் என்றுதான் பொருள். இதுபோன்ற வழக்குகளால் மாசச்சூசெட்ஸில் அடிமைமுறை சட்டப் பலத்தை இழந்தது. 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தில் அடிமை என்று ஒருவர்கூடப் பதிவாகவில்லை. ஓர் அரசமைப்பு வாக்கியத்தை யார் கையில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியாது.

இப்போது பிலடெல்பியாவுக்கு வருவோம். போரில் வென்ற 13 மாநிலங்களைச் சேர்த்துக் கட்டியிருந்த முதல் ஏற்பாடு பலவீனமானது. மைய அரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. கடனில் மூழ்கிய விவசாயிகள் மாசச்சூசெட்ஸில் 1786இல் ஷேஸ் தலைமையில் ஆயுதம் எடுத்தபோது சொத்துள்ளவர்கள் பயந்துபோனார்கள். 1787 மே முதல் செப்டம்பர்வரை 55 பேர் பிலடெல்பியாவில் கூடி, கதவு ஜன்னல்களை மூடிக்கொண்டு, புதிய அரசமைப்பை எழுதினார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமை வைத்திருந்தவர்கள். பெண் ஒருவர் இல்லை, கறுப்பர் ஒருவர் இல்லை, பூர்வகுடி ஒருவர் இல்லை. உள்ளே நடந்த விவாதத்தை மேடிசன் எழுதிவைத்த குறிப்புகள் 1840இல்தான் அச்சாயின.

அவர்கள் செய்ததில் சாதனை உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. அரசர் இல்லாத ஆட்சி. ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் மூன்று அதிகாரங்கள். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் பதவி முடியும் தலைவர். 1791இல் சேர்ந்த உரிமைத் திருத்தங்கள்.

ஆனால் பெரிய சண்டை எண்ணிக்கை பற்றித்தான் நடந்தது. மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரதிநிதிகள் என்றால், யார் மக்கள்? இங்கே பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அடிமையை ஐந்தில் மூன்று மனிதன் என்று இழிவுபடுத்தினார்கள், முழுதாக எண்ணியிருந்தால் நியாயம் என்று நினைக்கிறார்கள். முழுதாக எண்ணச் சொன்னவர்கள் தெற்கத்திய எஜமானர்கள்! அடிமைக்கு வாக்கு கிடையாது. அவர் தலையை எண்ணினால் கிடைக்கும் இடம் எஜமானருக்குப் போகும். எண்ணவே கூடாது என்று வாதிட்டவர்கள் வடக்கில் இருந்தார்கள். உங்கள் அடிமை மனிதரென்றால் அவருக்கு வாக்குக் கொடுங்கள், சொத்தென்றால் எங்கள் சொத்தை ஏன் எண்ணவில்லை என்று கூவனர் மோரிஸ் கேட்டார். பேரம் ஐந்தில் மூன்றில் முடிந்தது. அந்த விகிதமும் 1783இல் வரிப் பங்கீட்டுக்காகப் போட்ட பழைய கணக்கிலிருந்து எடுத்ததுதான்.

விளைவைப் பாருங்கள். 1790 கணக்கெடுப்பின்படி அடிமையல்லாதவர்கள் பென்சில்வேனியாவில் சுமார் 4,31,000 பேர். வர்ஜீனியாவில் சுமார் 4,55,000 பேர். கிட்டத்தட்டச் சமம். அதற்குப் பின் கீழவையில் பென்சில்வேனியாவுக்குக் கிடைத்தது 13 இடம், வர்ஜீனியாவுக்கு 19. கூடுதல் இடங்களைக் கொடுத்தவர்கள் வாக்கில்லாத சுமார் 2,93,000 அடிமைகள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவும் இதே எண்ணிக்கையில் அமைந்தது. 1789 முதல் 1825 வரையிலான 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் நாட்டை ஆண்டவர்கள் வர்ஜீனியாவின் அடிமை எஜமானர்கள் நால்வர்.

நம் தலை, அடுத்தவர் பலம். 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பின் அம்பேத்கர் ஓயாமல் எழுதிய குறையும் இதற்கு அண்டை வீடுதான்: இடம் நம் எண்ணிக்கையால் வரும், அதில் யார் உட்கார்வது என்பதைப் பிறர் வாக்கு முடிவு செய்யும். இரண்டும் ஒன்றல்ல. நமக்கு வாக்கு உண்டு, அங்கே அதுவும் இல்லை. ஆனாலும் 1946இல், இந்திய அரசியல் நிர்ணய சபை கூடவிருந்த நேரத்தில், அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதிகளைக் கேட்டு அவர் டுபாய்ஸுக்கு எழுதிய கடிதத்தை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கறுப்பர்களின் பிரச்சினையைப் படித்துவரும் மாணவன் என்று அதில் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்.

எண்ணிக்கையோடு பேரம் நிற்கவில்லை. 1808வரை அடிமை இறக்குமதியைத் தடுக்க மைய அரசுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதப்பட்டது. பதிலுக்கு வணிகச் சட்டங்களை எளிய பெரும்பான்மையிலேயே நிறைவேற்றும் வசதி வடக்கின் வணிகர்களுக்குக் கிடைத்தது. தப்பியோடியவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். இவ்வளவிலும் 'அடிமை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 'மற்ற நபர்கள்', 'அத்தகைய நபர்கள்' என்றுதான் இருக்கும். சேரி என்று எழுதாமலேயே சேரியை ஒதுக்கும் அரசாணைகளைப் படித்துப் பழகிய நமக்கு அந்த நடை புதிதல்ல.

அந்தக் கடைசி விதிக்கு 1793இல் வலுவான சட்டம் செய்து கையெழுத்திட்டவர் வாஷிங்டன். அப்போது தலைநகர் பிலடெல்பியா. ஆறு மாதம் தொடர்ந்து தங்கிய அடிமை அங்கே விடுதலை கோரலாம் என்று பென்சில்வேனியா சட்டம் சொன்னதால், தம் வீட்டு அடிமைகளை அவர் கெடு முடியுமுன் மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் திருமதி வாஷிங்டனுக்குப் பணிவிடை செய்தவர் ஓனா ஜட்ஜ். வயது இருபதைத் தாண்டியிருந்தது. எஜமானியின் பேத்திக்குத் திருமணப் பரிசாகத் தம்மைக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். 1796 மே மாதம், வீட்டார் சாப்பாட்டில் இருந்தபோது வெளியே நடந்தார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தார். வாஷிங்டன் அரசு அதிகாரி மூலம் ஆள் விட்டுப் பார்த்தார், பிறகு உறவினரை அனுப்பிப் பார்த்தார். ஓனா திரும்பவில்லை. திருமணம் செய்தார், மூன்று பிள்ளைகளைப் பெற்றார், அவர்களையெல்லாம் பறிகொடுத்தார், கூலி வேலை செய்தார், வறுமையில் முதுமை கண்டார். சட்டப்படி கடைசிவரை அவர் இன்னொருவரின் சொத்து. 1840களில் அடிமை ஒழிப்புப் பத்திரிகைக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். குடியரசுத் தலைவரின் வீட்டில் இருந்ததைவிட இங்கே கஷ்டம் அதிகமாயிற்றே, விட்டு வந்ததற்கு வருத்தம் இல்லையா என்று கேட்டார்கள். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார். 1848இல் இறந்தார்.